தளிரைப் பார்த்தவர் பையனைப் பார்த்தாரா? – 'என் சரித்திரம்' நூலை ஒரு வழிகாட்டியின் கண்ணால் வாசித்தல்



இரண்டு ஆண்டுகளுக்கு முன், கூலாய் வட்டாரத்தில் சனிக்கிழமைதோறும் நடந்த ஒரு தன்னார்வ வழிகாட்டித் திட்டத்தில் என் பெயரைக் கொடுத்தேன். ஓர் ஆசிரியர், ஒரு மாணவர், வாரம் ஒன்றரை மணி நேரம், ஓர் ஆண்டு. மலாயில் 'மெந்தோர்' என்பார்கள், நாம் வழிகாட்டி என்போம். எனக்கு வாய்த்தவள் படிவம் நான்கு மாணவி. அப்பா லோரி ஓட்டுநர். அம்மா விடியற்காலை நான்கு மணிக்குத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி, பாலம் கடந்து சிங்கப்பூர் போய்ச் சேருபவர்.

முதல் சந்திப்பிலேயே அவள் கேட்டாள்: "டீச்சர், இதுக்கு உங்களுக்கு எவ்ளோ கட்டுறாங்க?"

"காசெல்லாம் இல்லம்மா."

"சும்மாவா? அப்ப ஏன் வர்றீங்க?"

என்னிடம் பதில் இல்லை. "நீ நல்லா வரணும்னுதான்" என்று ஏதோ சொன்னேன். அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நூலை மறுபடியும் கையில் எடுத்தேன். கல்லூரிக் காலத்தில் தேர்வுக்காக அவசரமாகப் புரட்டிய நூல். இந்த முறை மாணவியாக இல்லாமல் ஒரு வழிகாட்டியாக வாசித்தேன். நூல் வேறு மாதிரித் தெரிந்தது. அந்த வாசிப்பைத்தான் இங்கே பகிர்கிறேன்.

நூலைப் பற்றிச் சுருக்கமாக

தமிழ்த்தாத்தா என்று நாம் அழைக்கும் உ.வே.சா. 1855-இல் பிறந்து 1942-இல் மறைந்தவர். 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் தொடராக வந்தது. அவருடைய மறைவால் பாதியிலேயே நின்றது. புத்தகமாக வெளிவந்தது 1950-இல். வாரத் தொடராக எழுதப்பட்டதால் அத்தியாயங்கள் சிறியவை. ஒவ்வொன்றும் ஒரு நிகழ்ச்சியைச் சுற்றி நிற்கும். இதே ஆசிரியர் தம் குருவான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றையும் 1933, 1934 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக எழுதியிருக்கிறார். ஆக, ஒரே உறவைப் பற்றி இருமுறை எழுதியவர் அவர். முதல் முறை குருவை நடுவில் வைத்தார். இரண்டாம் முறை, எண்பதைத் தாண்டிய வயதில், தம்மை நடுவில் வைத்தார். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வழக்கமான வாசிப்பு எது? குருபக்தி. விடைத்தாள்களிலும் மேடைப் பேச்சுகளிலும் இந்த நூல் வந்தால் 'ஆசிரியர் மீது மாணவர் கொண்ட பக்தி' என்ற ஒரே கருத்து திரும்பத் திரும்ப வரும். அது தவறில்லை, ஆனால் பாதிதான். நூலை ஊன்றி வாசித்தால், சாமிநாதனைப் பலர் கைமாற்றிக் கைமாற்றி வளர்த்தது தெரியும். ஒருவர் தம்மிடம் இருந்ததைக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் ஒப்படைக்கிறார். ஒவ்வொருவர் கொடுத்ததும் வேறு. ஒவ்வொருவர் தவறவிட்டதும் வேறு. என் வாதம் இதுதான்: குருவைப் போற்றும் இந்த நூல், குருவின் எல்லைகளையும் மறைக்காமல் பதிவு செய்கிறது. அதனால்தான் வழிகாட்டியாக இருக்க விரும்பும் எவருக்கும் இது பயன்படுகிறது.

தன் எல்லை தெரிந்தவர்கள்

மாயூரத்துக்குப் போவதற்கு முன்பே சாமிநாதனுக்குப் பல ஆசிரியர்கள் இருந்தார்கள். அரியிலூர் சடகோபையங்கார் தமிழ்ச் சுவையைக் காட்டினார். செங்கணம் விருத்தாசல ரெட்டியார் யாப்பருங்கலக் காரிகையைப் பாடம் சொன்னார். இவர்கள் யாரும் பெரும்புகழ் பெற்றவர்கள் அல்லர். ஊரில் இருந்துகொண்டு, தமக்குத் தெரிந்ததை ஆசையோடு வந்த பையனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள்.

இவர்களில் ரெட்டியாரை நாம் கவனிக்கவேண்டும். இந்தப் பையனை மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று தந்தை வேங்கட சுப்பையருக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். நன்றாகப் படிக்கும் மாணவனை 'எனக்கு மேல் ஒருவர் இருக்கிறார், அங்கே போ' என்று அனுப்புவது எளிதில்லை. நம் பள்ளிகளிலேயே பாருங்கள். கெட்டிக்கார மாணவரை வேறொரு பள்ளிக்கோ வேறொரு பயிற்சிக்கோ விட மனம் வராமல் தவிக்கிறோம். ரெட்டியார் நூலில் சில அத்தியாயங்களோடு மறைந்துவிடுகிறார். ஆனால் அவர் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் மீதி அத்தியாயங்கள் இல்லை.

வாசலில் ஒரு தயக்கம்

1871-இல் தந்தையும் மகனும் மாயூரம் போய்ப் பிள்ளையைச் சந்திக்கிறார்கள். சாமிநாதனுக்கு அப்போது பதினாறு, பதினேழு வயது. நம் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களின் வயதுதான். பிள்ளை அவனை நைடதத்திலிருந்து பாடல் சொல்லச் சொல்லிச் சோதிக்கிறார். பையன் தேறிவிடுகிறான். ஆனாலும் பிள்ளை உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. பலர் இப்படித்தான் வருகிறார்கள், சில நாள் இருக்கிறார்கள், பிறகு ஏதோ காரணம் சொல்லிப் போய்விடுகிறார்கள் என்று மனக்குறையோடு பேசுகிறார். அடுத்து ஒரு நடைமுறைச் சிக்கல்: மாயூரத்தில் பையனின் சாப்பாட்டுக்கு என்ன வழி? அதற்குத் தந்தை தாம் ஏற்பாடு செய்வதாகச் சொன்ன பிறகே காரியம் நகர்கிறது.

இந்தக் காட்சியை நான் முன்பு கடந்துபோயிருக்கிறேன். இப்போது இதுவே நூலின் முக்கியமான இடமாகத் தெரிகிறது. இரண்டு காரணங்கள்.

ஒன்று, சாப்பாடு. பெரும்புலவர் ஒருவரும் ஏழைத் தந்தை ஒருவரும் இலக்கியத்தைப் பற்றிப் பேசி முடித்தவுடன் சோற்றைப் பற்றிப் பேசுகிறார்கள். உ.வே.சா. அதை நாசூக்காக மறைத்துவிட்டுப் போகவில்லை. வழிகாட்டுதல் என்றால் ஊக்கமூட்டும் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல மருந்து. என் மாணவி மூன்றாவது வாரம் வரவில்லை. நான் அக்கறையின்மை என்று நினைத்தேன். கேட்டால், பஸ்ஸுக்குக் காசில்லை. அதுகூட நான் கேட்டபிறகுதான் சொன்னாள்.

இரண்டு, பிள்ளையின் தயக்கம். அவர் பலமுறை விட்டுச்செல்லப்பட்டவர். அந்த வலி தெரிகிறது. ஆனால் நம் காலத்தில் இந்தக் கதை தலைகீழாகவும் நடக்கிறது; வழிகாட்டிதான் விட்டுவிட்டுப் போகிறார். அமெரிக்காவில் 1904-இல் தொடங்கிய இயக்கம் ஒன்று பின்னாளில் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' என்ற பெயரில் வளர்ந்தது. தன்னார்வலர் ஒருவரை ஒரு பிள்ளையோடு இணைப்பதே அதன் வேலை. அந்த இயக்கத்து இணைகளைப் பற்றி ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இருவர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு வழிகாட்டிகள் எல்லாரும் அறியவேண்டியது. ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில் பிள்ளைகளுக்கு நன்மை மிகுதி. மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன உறவுகளிலோ பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்தது. அதாவது, பாதியில் விடுவதாக இருந்தால் தொடங்காமலே இருப்பது மேல். 'கொஞ்ச நாள் போய்ப் பார்க்கலாம்' என்று பெயர் கொடுக்கும் ஆசிரியர்கள் இந்த இடத்தில் பிள்ளையின் தயக்கத்தைத் தமக்கும் பொருத்திப் பார்க்கவேண்டும்.

தளிர் ஆராய்ச்சி

சேர்ந்த பிறகும் சாமிநாதனுக்குப் பிள்ளை நேரடியாகப் பாடம் சொல்லவில்லை. மூத்த மாணவர் சவேரிநாத பிள்ளையிடம் ஒப்படைத்துவிடுகிறார். பையனுக்கு ஏக்கம். எந்த மனிதரைத் தேடி வந்தானோ அவர் பக்கத்திலேயே இருக்கிறார், ஆனால் எட்டவில்லை.

பிள்ளைக்குத் தோட்டத்தின் மீது ஆசை. காலையில் எழுந்ததும் மரம் செடிகளைச் சுற்றிவந்து எங்கே புதிதாகத் தளிர்விட்டிருக்கிறது என்று பார்ப்பார். இதைச் சாமிநாதன் கவனிக்கிறான். அவருக்கு முன்பே எழுந்து, எந்தக் கிளையில் தளிர் இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டு, அவர் வரும்போது சுட்டிக்காட்டுகிறான். அவர் மகிழ்கிறார். பேச்சு தொடங்குகிறது. அந்தப் பேச்சிலிருந்து நேரில் பாடம் கேட்கும் வாய்ப்பும் வருகிறது.

பலரும் இதை மாணவனின் சாமர்த்தியத்துக்கும் ஆர்வத்துக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். சரிதான். ஆனால் வழிகாட்டியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. செடியில் வந்த ஒவ்வொரு தளிரையும் தேடிப் பார்த்த அந்தக் கண், வீட்டுக்கு வந்திருந்த பையனைப் பார்க்கவில்லை. பையன்தான் வழி கண்டுபிடித்து அவர் பார்வையில் விழவேண்டியிருந்தது. உ.வே.சா. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். நிகழ்ச்சியைத் தளிரோடு சேர்த்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். எண்பது வயதுக்காரர் ஒருவர், எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் காலைப்பொழுதுகளை இவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருப்பதே அந்த ஏக்கத்தின் ஆழத்தைக் காட்டுகிறது. உணர்ச்சியை விவரிக்காமல் நிகழ்ச்சியைக் கொண்டே உணர்த்துவது என்று உத்தியைப் பற்றி எழுத வேண்டிய மாணவர்கள் இந்த அத்தியாயத்தை எடுத்துக்காட்டலாம்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. சாமிநாதனுக்கு அந்தச் சாமர்த்தியம் இருந்தது. அது இல்லாத பையன் என்ன செய்திருப்பான்? பின்வரிசையில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல், ஒருநாள் வராமலே போய்விடும் பிள்ளைகளை நாம் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம்தானே? அவர்களுக்குத் தளிர் காட்டத் தெரியாது.

பாட்டு நின்ற கதை

மாயூரத்தில் அப்போது 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். சாமிநாதனின் குடும்பம் சங்கீதக் குடும்பம். தந்தையின் விருப்பப்படி பையன் பாரதியாரிடம் இசை கற்கத் தொடங்கினான். ஒருநாள் பாரதியார் வழியாகவே இது பிள்ளைக்குத் தெரியவந்தது. பிள்ளைக்கு இசையில் ஈடுபாடு இல்லை. சங்கீதத்தில் மனம் போனால் இலக்கண இலக்கியத்தில் மனம் நிற்காது என்பது அவர் கருத்து. சாமிநாதன் பாரதியாரிடம் போவதை நிறுத்திவிட்டான்.

இந்த இடத்தை வைத்து இரு பக்கமும் வாதிடலாம். பிள்ளை செய்தது சரி என்பவர்கள், அந்த ஒருமுகப்பாடு இல்லாவிட்டால் 1887-இல் சீவக சிந்தாமணிப் பதிப்பு வந்திருக்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த வாதம் விளைவைக் கையில் வைத்துக்கொண்டு காரணத்தை நியாயப்படுத்துகிறது. அந்தக் காலையில் பிள்ளைக்குச் சிந்தாமணி வரப்போகிறது என்று தெரியாது. தமக்குப் பிடிக்காத ஒன்று மாணவனுக்கும் வேண்டாம் என்றுதான் அவர் நினைத்தார். பின்னாளில் உ.வே.சா. தம் தந்தையாரின் குருவான கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார் போன்ற இசைக்காரர்களின் வரலாற்றைத் தேடித்தேடி எழுதினார். விட்ட பாட்டை எழுத்தில் தேடிக்கொண்டாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம். நூலில் அவர் அப்படிச் சொல்லவில்லை.

இந்த அத்தியாயம் என்னைச் சுட்டதற்குச் சொந்தக் காரணம் உண்டு. என் மாணவிக்கு மருதாணி போடுவதில் அபாரமான கை. தீபாவளிக்கும் கல்யாண வீடுகளுக்கும் போய்ப் போட்டு, கொஞ்சம் சம்பாதிக்கவும் செய்தாள். எனக்கு அது கவனச்சிதறலாகப் பட்டது. "எஸ்பிஎம் முடியிற வரைக்கும் இதெல்லாம் ஒதுக்கி வைம்மா" என்றேன். நல்லது நினைத்துத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமை அவள் வரவே இல்லை. வாட்சாப்பில் போட்ட செய்திக்குப் பதிலும் இல்லை.

சாமிநாதன் குருவின் விருப்பத்துக்காகப் பாட்டை விட்டான். என் மாணவி மருதாணியை விடவில்லை, என்னை விட்டாள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி, காலம் மாறியிருக்கிறது. ஆனால் பெரியவர்களின் தவறு மாறவே இல்லை.

கூலி வாங்காத கை, தனித்தனி இலை

பிள்ளை பாடம் சொன்னதற்குப் பணம் வாங்கவில்லை. கடனிலும் வறுமையிலும் இருந்தபோதும் வாங்கவில்லை. மதமும் பார்க்கவில்லை. சவேரிநாத பிள்ளை கிறித்தவர். நாகூர் குலாம் காதிறு நாவலர் இஸ்லாமியர். இருவரும் அவர் மாணவர்கள். சைவ மடத்தோடு நெருங்கிய ஒருவர், அந்தக் காலத்தில், இப்படித் தமிழை எல்லாருக்கும் திறந்துவைத்தார்.

ஆனால் திறனாய்வு என்றால் இன்னொரு பக்கத்தையும் பார்க்கவேண்டும். பாடம் ஒரே திண்ணையில் நடக்கிறது. சாப்பாடு சாதிக்கேற்பத் தனித்தனி இடத்தில் நடக்கிறது. மாயூரத்தில் சாப்பாடு ஒரு சிக்கலாக எழுந்ததற்கே வறுமையோடு இதுவும் காரணம். நூல் இதை எந்த உறுத்தலும் இல்லாமல் இயல்பாகச் சொல்லிக்கொண்டு போகிறது. அதை இன்று வாசிக்கும் நாம் இயல்பாகக் கடந்துபோக முடியாது. நூலைக் குறை சொல்லி ஒதுக்கவேண்டும் என்பதில்லை. காலத்தின் எல்லை எழுத்தில் எப்படிப் பதிந்திருக்கிறது என்று காட்டத் தெரிந்தால் அதுவே நல்ல விடை.

விட்டுக்கொடுத்தவரும் சீண்டியவரும்

1876 பிப்ரவரி 1-ஆம் நாள் பிள்ளை மறைந்தார். கடைசி நேரத்தில் திருவாசகத்தின் அடைக்கலப் பத்தை வாசித்தது சாமிநாதன்தான். குரு போனபின் என்ன ஆகும்? இங்கேதான் நூல் குருபக்திக் கதையாக முடியாமல் மேலே போகிறது. திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவனைத் தாங்கிக்கொண்டார். 1880-இல் பிள்ளையின் மூத்த மாணவரான தியாகராச செட்டியார், கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த தமிழாசிரியர் வேலையிலிருந்து விலகும்போது அந்த இடத்துக்குச் சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். மாதச் சம்பளம் ஐம்பது ரூபாய். தேசிகருக்கு முதலில் மனம் வரவில்லை. பிறகு இசைந்து அனுப்பிவைத்தார்.

செட்டியாரின் இந்தச் செயலை நான் பெரிதாக நினைக்கிறேன். அறிவுரை சொல்வது ஒன்று; கதவைத் திறந்துவிடுவது வேறொன்று. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அறிவுரைப் பஞ்சம் கிடையாது. யாரிடம் போய் எந்தப் பாரத்தை நிரப்பவேண்டும், நேர்முகத் தேர்வுக்கு எப்படிப் போகவேண்டும், யார் ஒரு வார்த்தை சொன்னால் காரியம் ஆகும் – இவைதான் தெரியாது. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு மாமாவும் சித்தப்பாவும் செய்துவிடும் வேலை இது. செட்டியார் சாமிநாதனுக்கு அந்த மாமாவாக நின்றார்.

அதே 1880-ஆம் ஆண்டு அக்டோபரில் இன்னொருவர் வருகிறார்: சேலம் இராமசுவாமி முதலியார். கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்தவர். இளம் ஆசிரியர் தாம் படித்த அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று பட்டியல் போடுகிறார். முதலியார் அசையவே இல்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. அந்தக் கேள்வி உ.வே.சா.வின் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. பிறகு முதலியாரே சிந்தாமணிப் பிரதியைக் கொடுக்கிறார்.

முதலியார் ஆசிரியர் அல்லர். தமிழ்ப்புலவராக வாழ்ந்தவரும் அல்லர். பாராட்டை எதிர்பார்த்தவனுக்குப் பாராட்டுத் தரவில்லை. ஆனால் கேள்வி கேட்டதோடு நிற்காமல் பிரதியையும் கையில் கொடுத்தார் பாருங்கள், அங்கேதான் அவர் வெறும் குறைகூறியாக இல்லாமல் வழிகாட்டியாகிறார். 'உனக்கு இது போதாது' என்று சொல்பவர், போதாததை நிரப்ப ஏதாவது கொண்டுவந்திருக்கவேண்டும்.

மேலைநாட்டு இலக்கியத்தோடு ஒப்பிட விரும்பும் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. 'மெந்தோர்' என்ற சொல் ஹோமரின் 'ஒடிசி' காப்பியத்தில் வரும் ஒருவரின் பெயர். போருக்குப் போன ஒடிசியஸ் தன் வீட்டை அவர் பொறுப்பில் விட்டுச்செல்கிறான். ஆனால் மகன் டெலமாக்கஸை உண்மையில் வழிநடத்துவது அவர் உருவில் வரும் அதீனா தெய்வம். அங்கே வழிகாட்டி, தெய்வம் போட்ட வேடம். 'என் சரித்திரத்தில்' வருபவர்கள் எல்லாரும் மனிதர்கள். கடன் உண்டு, முன்கோபம் உண்டு, பிடிவாதம் உண்டு. நமக்குப் பின்பற்ற ஏற்றவர்கள் இவர்கள்தான்.

நூலில் இல்லாதவர்கள்

இவ்வளவு சொன்னபின் நூலின் குறைகளையும் சொல்லவேண்டும்.

முதலாவது, இது வென்றவர் எழுதிய கதை. பிள்ளையிடம் சில நாள் படித்துவிட்டுப் போனார்களே, அவர்கள் ஏன் போனார்கள்? சாப்பாட்டுக்கு வழியில்லாமலா, வீட்டில் கூப்பிட்டார்களா, தளிர் காட்டத் தெரியாமலா? அவர்களின் 'சரித்திரம்' எழுதப்படவே இல்லை. ஒரு வழிகாட்டிக்கு அதுதான் அதிகம் தேவைப்படும்.

இரண்டாவது, இந்த உலகில் கற்கும் பெண் இல்லை. பெண்கள் வீட்டைத் தாங்குகிறார்கள், வழியனுப்புகிறார்கள், காத்திருக்கிறார்கள். என் மாணவியை வைத்துக்கொண்டு இந்த நூலை வாசிக்கும்போது அந்த வெறுமை கண்ணில் படாமல் இருக்காது.

மூன்றாவது, பிள்ளையைப் பற்றி முன்பே இரண்டு பாகம் எழுதியவர் என்பதால், இந்த நூலிலும் அவரைக் குறைத்துக் காட்டிவிடக் கூடாதே என்ற கவனம் தெரிகிறது. குருவிடம் வருத்தம் வரவேண்டிய இடங்களில் ஆசிரியர் தம்மையே நொந்துகொள்கிறார். அந்த இடங்களில் நிகழ்ச்சி ஒன்று சொல்கிறது, நடை வேறொன்று சொல்கிறது. நான் நிகழ்ச்சியை நம்புகிறேன்.

நம் ஊருக்கு வந்தால்

மலேசியாவில் இந்தப் பாதை புதிதல்ல. 1982-இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், பல்கலைக்கழக மாணவர்களைத் தன்னார்வ ஆசிரியர்களாக்கி, பின்தங்கிய குடும்பத்து இந்தியப் பிள்ளைகளுக்கு வழிகாட்டியது. தோட்டத்திலிருந்து படித்து வந்தவர், தோட்டத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது என்ற எண்ணம் அதன் அடிப்படை. செட்டியார் சாமிநாதனுக்குச் செய்ததும் அதுதான்: முன்னால் போனவர் பின்னால் வருபவருக்குக் கை கொடுப்பது.

ஆனால் ஜொகூருக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளி சம்பாதித்தால் இந்தப் பக்கம் மூன்று ரிங்கிட்டுக்கும் மேல். பதினேழு வயதுப் பிள்ளையிடம் "படி, படி" என்று மட்டும் சொல்லி அந்தக் கணக்கை வெல்ல முடியாது. "அம்மா இப்பவே எங்க சாரை விட அதிகமா சம்பாதிக்கிறாங்க டீச்சர்" என்று என் மாணவி சொன்னாள். பொய்யில்லை. அந்தச் சம்பளத்துக்கு அவர் தூக்கத்தில் எவ்வளவு கொடுக்கிறார் என்று அம்மாவையே பேசச் சொன்னேன். நான் ஆறு மாதம் பேசியதைவிட அந்த ஒரு மாலைப் பேச்சு பலித்தது.

மூன்று வாரம் வராமல் இருந்தவளை எப்படித் திரும்ப அழைத்தேன் என்று கேட்பீர்கள். மன்னிப்புக் கேட்டேன், அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை என் கையை நீட்டி, "போட்டு விடும்மா" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போட்டாள். போட்டபடியே, ஒரு கூம்பு செய்ய எவ்வளவு செலவு, ஒரு கல்யாணத்துக்கு எவ்வளவு வாங்கலாம் என்று கணக்குச் சொன்னாள். கணக்குப் பாடத்தில் தோற்றுக்கொண்டிருந்த பிள்ளை அவள்! அன்றுதான் நான் முதன்முதலாகத் தளிரைப் பார்த்தேன். சதவீதமும் இலாப நட்டமும் அதற்குப்பின் மருதாணிக் கணக்கிலேயே நடந்தன.

அவள் எஸ்பிஎம் எழுதினாள். பெரிய தேர்ச்சி இல்லை, ஆனால் கணக்கில் தேறினாள். இப்போது அழகுக்கலைப் பயிற்சி ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். முடித்துவிட்டு அவளும் பாலம் கடந்து போகலாம். போகட்டும்; கையில் ஒரு தொழிலோடு போவாள்.

அவள் கேட்ட கேள்விக்கு, "அப்ப ஏன் வர்றீங்க?" என்பதற்கு, இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. எனக்கும் யாரோ ஒரு ரெட்டியார் இருந்தார், யாரோ ஒரு செட்டியார் இருந்தார். அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. அடுத்தவருக்குத்தான் கொடுக்க முடியும்.

வகுப்பறைக்கும் தேர்வுக்கும்

உங்கள் தேர்வுக்கு எந்த நூல் வந்தாலும், மேலே செய்ததைப் போலச் சில படிகளில் அணுகலாம்:

1. நூலைப் பற்றி எல்லாரும் சொல்லும் கருத்து எது என்று முதலில் ஒரு வரியில் எழுதுங்கள். பிறகு அது முழுமையா என்று கேளுங்கள்.

2. ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு நிகழ்ச்சியைச் சான்றாக வையுங்கள். 'பக்தி மிக்கவர்' என்பது தீர்ப்பு. 'விடியுமுன் எழுந்து தளிர் தேடினார்' என்பது சான்று.

3. கதைமாந்தர் ஒருவரைப் புகழ்ந்தால், அவர் தவறிய இடம் ஒன்றையும் தேடுங்கள். தவறைச் சுட்டுவது அவமதிப்பு ஆகாது.

4. நூலில் யார் பேசவில்லை என்று பாருங்கள்.

கலந்துரையாடலுக்கு மூன்று கேள்விகள்:

அ. பிள்ளை சாமிநாதனின் இசைப்பயிற்சியை விரும்பாதது சரியா? இரு பக்கமும் வாதிடுக.

ஆ. விருத்தாசல ரெட்டியார், தியாகராச செட்டியார், இராமசுவாமி முதலியார் – இம்மூவரில் இன்றைய ஜொகூர் மாணவருக்கு எவரைப் போன்ற வழிகாட்டி அதிகம் தேவை? காரணத்தோடு விளக்குக.

இ. உங்கள் வாழ்வில் உங்களைக் 'கண்டுகொண்ட' ஒருவரைப் பற்றி, அவர் குறையையும் மறைக்காமல், 200 சொற்களில் எழுதுக.

ஆசிரியர் நண்பர்களே, மூன்றாவது பயிற்சியை மாணவர்களுக்குக் கொடுக்கும் முன் நீங்களும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். எனக்கு இருநூறு சொல் போதவில்லை.